மூன்றாவது பொத்தான்

மழை பிடித்துக்கொண்டால் லாண்டரி வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. எல்லோர் கண்ணும் துணிமேலேயே இருக்கும். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் இருந்த கதவைக் கழற்றிச் சாய்த்துவைத்து வருஷக்கணக்காகிறது. அந்த மழைக்காலத்தில் கொடிகள் கடையைத் தாண்டி, நடையைத் தாண்டி, சமையலறைவரைக்கும் வந்துவிட்டன. சாப்பிட உட்கார்ந்தால் தலைக்கு மேல் யாரோ ஒருத்தருடைய கால்சட்டை சொட்டிக்கொண்டிருக்கும். கொதிகலன் இரைச்சல், பெரிய மெஷின் சுற்றி முடிக்கும்போது போடும் ஆட்டம், சோப்புத்தூள் நெடி. வெளியே குளிர், உள்ளே புழுக்கம்.

கடைக்காரருக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது. சட்டையில் இருக்கும் கறையைப் பார்த்தே முந்தின நாள் விருந்தில் என்ன பரிமாறினார்கள் என்று சொல்லிவிடுவார். காலர் அழுக்கைப் பார்த்து, "என்னங்க, ஆபீஸ்ல புது மேனேஜரா? வேர்வை ஜாஸ்தியா இருக்கே?" என்பார். துணி போட வந்தவர்கள் துணியைப் போட்டுவிட்டுப் போக மாட்டார்கள், நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள். உள்ளேயிருந்து அவர் மனைவி, "எல்லாத்துக்கும் இஸ்திரி போடறாங்க, இந்த வாய்க்கு ஒருத்தரும் போட மாட்டேங்கறாங்களே" என்று கத்துவாள்.

அந்த வாய்தான், அதற்குப் பத்து மாதம் முன்னால், ஒரு காலையில் நின்றுபோனது. சூடாக எடுத்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அதன்மேல் சாய்ந்தார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியபோது அவரிடம் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருந்தது.

"சரி."

தண்ணி வேணுமா என்றால் "சரி." போதுமா என்றால் "சரி." எங்கே வலிக்குது என்றால் "சரி, சரி." கோபம் வந்து இடது கையால் கட்டிலைக் குத்தும்போதும் "சரி! சரி! சரி!"

"ரேடியோ ஒரே ஸ்டேஷன்ல நின்னுபோச்சு" என்றது தெரு. டாக்டர், "எவ்வளவு புரியுதுன்னு இப்போ சொல்ல முடியாது. பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். இரண்டு தரம் கூட்டிப்போனார்கள். அப்புறம் துணி குவிந்தது, வண்டிக்கு ஆள் இல்லை, மழை வந்தது. பயிற்சி நின்றது.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவர் தம்பி கடைக்குள் வந்தான். முன்கோபி, ஆனால் உழைப்பாளி. வீட்டுத் துணிகளை வாங்கித் துவைப்பதை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மொத்தமாக எடுக்கலாம் என்றான். "எதுக்கும் உங்க அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுடுங்க தம்பி" என்றாள் அண்ணி. கேட்டான். "சரி" என்றார். கட்டிலை முன்னறையிலிருந்து பின்னறைக்கு மாற்றினார்கள். கேட்டுவிட்டுத்தான் மாற்றினார்கள். "சரி." காலை முதல் இருட்டும்வரை டி.வி.யில் தொடர்கள் ஓடின. பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். "சரி." இப்படி ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசாத நோயாளி எந்த வீட்டில் கிடைப்பார்? மனைவி குறை வைக்கவில்லை. குளிப்பாட்டினாள், சவரம் செய்தாள், உருளைக்கிழங்கைக் கட்டியில்லாமல் மசித்து வேளாவேளைக்கு ஊட்டினாள். வாய் துடைத்துவிட்டு ஓடிப்போய் இஸ்திரிப் பலகையில் நின்றாள்.

ஐந்தாவது படிக்கும் மகள் ஒருத்தி. விடுமுறையில் காலுக்குக் குறுக்கே வந்து நிற்கக் கூடாது என்று அவளை நூலக மாடியில் நடந்த வகுப்புக்கு அனுப்பினார்கள். கணினியில் கதை செய்யும் வகுப்பு. படிக்கிறவர் பாதியில் நின்று வழி தேர்ந்தெடுக்க வேண்டிய கதைகள். குகை வாசலில் நிற்கிறாய். உள்ளே போகிறாயா, திரும்பிவிடுகிறாயா? இரண்டு பொத்தான்கள். எதைத் தொட்டால் எந்தப் பக்கம் வர வேண்டும், சாவியை எடுத்திருந்தால் மட்டும் கதவு திறக்க வேண்டும், எடுக்காவிட்டால் என்ன ஆக வேண்டும், எல்லாவற்றையும் பிள்ளைகளே கட்டளையாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

சொல்லிக்கொடுத்தவள் நூலகத்தில் வேலை பார்க்கும் உயரமான பெண். எப்போதும் தொண்டை கட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு மிஸ்.

"மிஸ், என் கதையில எந்த பட்டனை அழுத்தினாலும் பேய் கடிச்சிடும்" என்றாள் முன்பல் விழுந்த ஒருத்தி, பெருமையாக.

"அப்போ நான் எதுக்குடி கஷ்டப்பட்டு அழுத்தணும்? நீயே பேயை நேரா கூட்டிட்டு வந்து விட்டுடேன்."

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. ஒரு கேள்வி கேட்டா அது நிஜக் கேள்வியா இருக்கணும். ரெண்டு பட்டன் வெச்சா ரெண்டு பக்கமும் கதை போகணும். ஒப்புக்குக் கேட்கறது படிக்கிறவங்களை ஏமாத்தறது."

"ஒரே பட்டன் வெச்சா மிஸ்?" லாண்டரி மகள் கேட்டாள்.

"அது கேள்வியே இல்லை. அடுத்த பக்கம்னு அர்த்தம். அவ்வளவுதான்."

வார முடிவில் ஆளுக்கொரு டேப்லெட்டைக் கொடுத்து அனுப்பினாள். வீட்டில் யாராவது ஒருத்தரை உட்காரவைத்துக் கதையைக் கொடுக்க வேண்டும். "நீங்க வாயைத் திறக்கக் கூடாது. சொல்லிக் கொடுக்கக் கூடாது. அவங்க விரல் எங்க தயங்குது, எங்க சிரிக்கிறாங்க, சும்மா பாருங்க. அதுதான் வீட்டுப்பாடம்."

மகள் அம்மாவிடம் போனாள்.

"கை பூரா சோப்பு. அப்புறம் வா."

சித்தப்பாவிடம் போனாள்.

"இந்த மூட்டையைப் பார்த்தியா? நான் எந்த பட்டனை அழுத்தினாலும் இதுதான் வருது. போ கண்ணு."

அந்த வீட்டில் வேலையில்லாமல் இருந்த ஆள் ஒருத்தர்தான். மகள் பின்னறைக்குப் போய், டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, அப்பாவின் மடியில் தலையணையை வைத்து அதன்மேல் டேப்லெட்டைச் சாய்த்தாள். மழையில் நனைந்த பூனையின் கதை. மூன்று கதவுகள்: பேக்கரி, லாண்டரி, தீயணைப்பு நிலையம். எழுத்து கூட்டிப் படிக்கத் திணறுகிற சின்னப் பிள்ளைகளுக்காக அவள் ஒரு வசதி செய்திருந்தாள். பொத்தானை ஒரு தரம் தொட்டால் அவள் குரலிலேயே படித்துக் காட்டும். இரண்டாம் தரம் தொட்டால் கதை நகரும்.

அப்பாவின் இடது கை விரல் மேலே வந்து நின்றது. பேக்கரியைத் தொட்டுக் கேட்டது. தீயணைப்பு நிலையத்தைத் தொட்டுக் கேட்டது. லாண்டரியைத் தொட்டது, மறுபடியும் தொட்டது. பூனை லாண்டரிக்குள் ஓடியது. சூடான போர்வைமேல் படுக்கலாமா, கஞ்சித் தொட்டியின் விளிம்பில் நடக்கலாமா? விரல் தொட்டியைத் தேர்ந்தெடுத்தது. பூனை கஞ்சிக்குள் விழுந்து, விறைத்துப்போன வாலோடு வெளியே வந்தது. அவர் வயிறு குலுங்கியது. மகள் நிமிர்ந்து பார்த்தாள். சத்தமே இல்லாமல் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறக்கக் கூடாது என்று மிஸ் சொல்லியிருந்ததால் அவள் திறக்கவில்லை. பொத்தான்களின் இடத்தை மாற்றிவைத்துவிட்டு மறுபடி கொடுத்தாள். விரல் தேடிப் பிடித்து அதே தொட்டிக்குப் போனது.

"அம்மா, அப்பாவுக்குப் புரியுது."

"என்ன புரியுது?"

"எல்லாம்."

"ம். கொடியில காஞ்சது எது, காயாதது எதுன்னு உனக்கு முதல்ல புரியட்டும். போய் எடு."

மறுநாள் மத்தியானம் மகள் இரண்டே இரண்டு படங்களோடு வந்தாள். ஒன்றில் மசித்த உருளைக்கிழங்கு, இன்னொன்றில் பொரித்த முட்டை. அம்மா கையில் கிண்ணத்தோடு கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு நிமிஷம் இரும்மா. அப்பா, இன்னிக்கு என்ன வேணும்?"

விரல் முட்டையைத் தொட்டது.

"கை தவறிப் பட்டிருக்கும்டி."

மகள் படங்களை இடம் மாற்றினாள். முட்டை. மேலே ஒன்று கீழே ஒன்றாக வைத்தாள். முட்டை. மசித்ததைப் பெரிதாக்கி முட்டையைப் பொட்டளவுக்குச் சின்னதாக்கினாள். விரல் நடுங்கியபடி அந்தப் பொட்டைத் தேடிப்போய் அழுத்தியது.

கிண்ணம் அம்மாவின் கையிலேயே இருந்தது. கரண்டியிலிருந்து கிழங்கு சொட்டென்று போர்வையில் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"தினம் கேட்டேனே," என்றாள். "தினம் தினம் கேட்டேனே, இது போதுமா, இது பிடிச்சிருக்கான்னு. சரின்னுதானே சொன்னாரு?"

"அவருக்கு வாயில ஒரே பட்டன்தாம்மா இருக்கு," என்றாள் மகள். "எதைக் கேட்டாலும் அந்தப் பக்கம்தான் வரும். அது பதில் இல்லை."

"சரி, சரி," என்றார் அப்பா. கண் நிரம்பி வழிந்தது.

முட்டை பொரித்து எடுத்து வருவதற்குள் மகள் அடுத்த பக்கத்தைச் செய்திருந்தாள். டி.வி. ஓடட்டுமா, நிறுத்தட்டுமா? நிறுத்தச் சொன்னார். பத்து மாதமாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி அணைந்ததும் பின்னறையில் மழைச் சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார், பசித்தவன் சாப்பிடுவதுபோல.

தம்பி வண்டியை நிறுத்திவிட்டு நனைந்த தலையோடு உள்ளே வந்தபோது அண்ணி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"என்ன அண்ணி, முகம் வெளிறிப் போயிருக்கு? அண்ணனுக்கு ஏதாவது...?"

"அவருக்கு ஒண்ணுமில்லை. அவருக்கு எல்லாம் புரியுதாம் தம்பி."

"யாரு சொன்னது?"

"அவரே சொன்னாரு."

தம்பி சிரித்தான். "நல்லாருக்கே. விளையாட்டுச் சாமானைத் தட்டினா ஏதோ ஒரு பக்கம் வரத்தான் செய்யும். கோழி கொத்தினாலும் வரும்."

"நீங்களே கேளுங்க சித்தப்பா," என்றாள் மகள். "என்ன கேட்கணும்னு சொல்லுங்க, நான் போடறேன்."

"நான் யாருன்னு கேளு."

மகள் அங்கேயே உட்கார்ந்து பக்கம் செய்தாள். மகன், தம்பி, டிரைவர், டாக்டர். நான்கையும் தன் குரலில் பதிந்தாள். அவர் நான்கையும் பொறுமையாகத் தொட்டுக் கேட்டார். தம்பியைப் பார்த்தார். 'தம்பி'யை அழுத்தினார். அதோடு நிற்கவில்லை. திரும்பிப் போய் 'டிரைவர்' பொத்தானையும் அழுத்திவிட்டு அவனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

அது பழைய ரேடியோ. அந்தப் புருவத்தைத் தம்பிக்குத் தெரியும். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"அண்ணே..."

"சரி."

"அண்ணே, அப்போ அந்த ஆஸ்பத்திரி வேலை... நான் வந்து கேட்டேனே... கண்ணு, அதைப் போடு. ஆஸ்பத்திரித் துணி எடுக்கலாமா, வேண்டாமான்னு போடு."

"வேணாம் தம்பி, இப்ப எதுக்கு?" என்றாள் அண்ணி.

"போடு கண்ணு."

மகள் போட்டாள். அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. வேண்டாம். தம்பி கேட்கக் கேட்க, மகள் போடப் போட, பதில்கள் வந்துகொண்டே இருந்தன. வீட்டுத் துணியை விட்டது பிடிக்கவில்லை. பின்னறை பிடிக்கவில்லை. வாடிக்கைக்காரர் முகம் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. தம்பி துணி மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, தன் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றினான். அது அண்ணனுடையது. 'அவர் இனிமே கட்டி என்ன பண்ணப்போறார்' என்று அவர் எதிரிலேயே சொல்லித்தான் எடுத்துக் கட்டியிருந்தான். கட்டில்மேல் வைத்துவிட்டு, மழையைப் பொருட்படுத்தாமல் வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டான். வெகுநேரம் வரவில்லை.

மனைவி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கொதிகலன் பக்கம் போய் நின்றாள். தம்பிக்குக் கடிகாரம் ஞாபகம் வந்த அதே நேரத்தில் அவளுக்கும் ஒன்று ஞாபகம் வந்திருந்தது. விழாமலிருக்கக் கொடியைப் பிடித்தாள். கொடி அறுந்து ஈர விரிப்பெல்லாம் அவள்மேல் விழுந்தது.

கோடையில் ஒரு மத்தியானம். அவர் படுக்கையை நனைத்திருந்தார், அன்றைக்கு அது மூன்றாவது தடவை. அவரைப் புரட்டிப் புரட்டி விரிப்பு மாற்றிக்கொண்டே, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கே போயிருந்தார்னா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதிக்கா. இது என்ன பொழப்பு, ரெண்டு பேருக்கும்?" அப்போது அவர், "சரி, சரி" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "பாருக்கா, அவரே ஒத்துக்கறார்" என்றாள். அந்தப் பக்கம் அக்காவும் சிரித்தாள்.

அவருக்குப் புரிகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் பேச்சு செத்துவிட்டது. பத்து மாதமாக அவர் தலைக்கு மேலாக, நாற்காலிக்கு மேலாகப் பேசுவதுபோல, எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தவர்கள் இப்போது வாய் திறக்கவே பயந்தார்கள். தம்பி வாசலில் நின்று தொண்டையைச் செருமிவிட்டு உள்ளே வந்தான். கட்டிலை முன்னறைக்கே கொண்டுவந்து போட்டான். பழைய வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேரைக் கையோடு கூட்டிவந்தான். அவள் குளிப்பாட்டும்போது துண்டால் அவர் இடுப்பை மூடினாள். இத்தனை நாளாக மூடத் தோன்றவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கேட்டுவிட வேண்டும். அன்றைக்குப் போனில் பேசியது அவருக்குக் கேட்டதா, கேட்கவில்லையா. ஆனால் மகளிடம் எப்படிச் சொல்வது, இந்தக் கேள்வியைப் போடு என்று? சும்மா வாயால் கேட்டால் வருவது "சரி." தலையசைப்பையும் நம்ப முடியவில்லை, ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் அவர் தலை ஒரே மாதிரிதான் ஆடியது.

அடுத்த வகுப்பு நாளில், மகளுக்குச் சளி பிடித்திருந்தது. அவளைப் போர்வைக்குள் படுக்கவைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அம்மாவே நூலக மாடி ஏறினாள்.

"பொண்ணு வரலீங்களா?" என்றாள் மிஸ்.

"காய்ச்சல் மாதிரி இருக்கு. நான்... நான் உட்காரலாமா? எனக்கு ஒரு கதை பண்ணணும்."

மிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கைவிரல்களில் இஸ்திரிச் சூடு பட்ட தழும்புகள். "உட்காருங்க" என்றாள். கிடைத்த இடம் பல் விழுந்தவளுக்குப் பக்கத்தில், முழங்கால் மேசையில் இடிக்கும் சின்ன நாற்காலி.

"ஆன்ட்டி, உங்க கதையில பேய் உண்டா?"

"இல்லை கண்ணு."

"ஐயோ. அப்போ யாரு இருக்கா?"

"ரெண்டு பேரு. ஒருத்தி ஒண்ணு சொல்லிட்டா. இன்னொருத்தர் கேட்டுட்டாரு. கேட்டாரான்னும் தெரியலை."

ஒரு விரலால் தேடித் தேடி அடித்தாள். எழுத்து ஒவ்வொன்றும் ஒளிந்துகொண்டது. மெய்யெழுத்துக்குப் புள்ளி எங்கே என்று பல் விழுந்தவள் காட்டிக்கொடுத்தாள். முதல் பக்கம் ஒருவழியாக முடிந்தது. கேட்டுச்சு, கேக்கலை. இரண்டு பொத்தான். இரண்டாவது பக்கத்தில் கேள்வியை எழுதிவிட்டு ஒரே ஒரு பொத்தான் வைத்தாள். 'மன்னிச்சுட்டேன்.' அதற்குமேல் கை ஓடவில்லை.

மிஸ் பின்னால் வந்து நின்றாள். அவள் சட்டென்று உள்ளங்கையால் திரையை மூடினாள்.

"நான் படிக்கலீங்க. எத்தனை பட்டன்னு மட்டும் பார்த்தேன்," என்றாள் மிஸ். "ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணு போதும்."

"ஒண்ணுன்னா அது கேள்வி இல்லீங்களே. நீங்க சொல்றதை அவரைச் சொல்லவைக்கறீங்க."

அவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பத்து மாதமாகத் தன் வீட்டில் நடந்தது என்ன என்பதை இந்த முன்பின் தெரியாத பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டாள், தெரியாமலேயே.

"எழுதப் பயமா இருக்கும்மா," என்றாள்.

"எந்தப் பதிலுக்குப் பயப்படறீங்களோ அதுக்குத்தான் முதல்ல பட்டன் வைக்கணும்," என்றாள் மிஸ். சொல்லிவிட்டு வேறு பிள்ளையிடம் போய்விட்டாள்.

அவள் 'மன்னிச்சுட்டேன்' என்பதை அழித்தாள். 'கோபம்' என்று வைத்தாள். 'வருத்தம்' என்று வைத்தாள்.

"மூணாவது ஒண்ணு வைங்க ஆன்ட்டி," என்றாள் பல் விழுந்தவள், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே. "'இதுல எதுவும் இல்லை'ன்னு. எங்க அண்ணன் நான் வெக்கறது எதையும் எடுக்கவே மாட்டான். அதனால நான் எப்பவும் அதை வெப்பேன்."

வைத்தாள்.

"அதுக்கும் ஒரு பக்கம் செய்யணும். இல்லேன்னா அழுத்தினதும் வெள்ளையா நின்னுடும்."

கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை என்றால் வேறு என்னதான் இருக்க முடியும்? கீழே பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு போகும்வரை அவள் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில், மனதில் வந்த ஒன்றை, வந்ததற்கே பயந்துகொண்டு, எழுதிவைத்தாள்.

குரலை வீட்டில் பதிந்தாள். மகள் காதில் விழக் கூடாது என்று பெரிய மெஷினை ஓடவிட்டு அதன் பக்கத்தில் நின்று பதிந்தாள். அதனால் அவள் பேசிய ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் தண்ணீர் சுழலும் சத்தம் இருந்தது.

தம்பி துணி கொடுக்கப் போயிருந்தான். விடுமுறை முடிந்து, மகள் காய்ச்சலும் விட்டுப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. கழற்றிச் சாய்த்துவைத்திருந்த கதவை இழுத்துவந்து கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் நிறுத்தினாள். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். அவர் மடியில் டேப்லெட்டை வைத்துவிட்டு, தள்ளி, தரையில் உட்கார்ந்தாள்.

அவள் குரல் அறையில் கேட்டது. கோடைக்காலம், போன், அக்கா. சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே சொல்லியிருந்தாள், சிரித்ததையும் சேர்த்து. "உங்களுக்குக் கேட்டுச்சா?"

விரல் உடனே போனது. 'கேட்டுச்சு.'

எதிர்பார்த்ததுதான். அடுத்த பக்கம் வந்தது. அதைக் கேட்டப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு? கோபத்தைத் தொட்டுக் கேட்டார். வருத்தத்தைத் தொட்டுக் கேட்டார். இரண்டையும் விட்டார். விரல் மூன்றாவதற்கு நகர்ந்தது. 'இதுல எதுவும் இல்லை.'

அப்போ என்ன? என்றது மெஷின் சத்தத்துக்கு நடுவே அவள் குரல். இரண்டு பொத்தான்கள். 'எனக்குச் சொல்லத் தெரியலை.' 'நானும் அதையேதான் நினைச்சேன்.'

இந்தத் தடவை அவர் தொட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை. தாமே படித்தார், உதடு அசைய, எழுத்து எழுத்தாக. படித்து முடித்துவிட்டு இரண்டாவதை அழுத்தினார்.

திரை வெள்ளையாக நின்றது. அதற்கு மேல் அவள் எதுவும் எழுதியிருக்கவில்லை.

திட்டுவார், அழுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எல்லாவற்றுக்கும் மனதைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். இதற்கு இல்லை. தரையிலிருந்து எழுந்துவந்து கட்டில் சட்டத்தைப் பிடித்தாள்.

"அப்போ அன்னிக்கு நீங்க சொன்ன சரி... அது நிஜமான சரியா?"

"சரி," என்றார் அவர். அவருக்கே அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தது எங்கே அழுகையாக மாறியது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டை வாங்கினாள். "இருங்க. இன்னும் ஒண்ணு இருக்கு. எனக்கு வேகமா அடிக்க வராது." வாழ்நாளில் ஒருத்தரையும் ஒரு வாக்கியம் முடிக்கவிடாத மனிதர், அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுப்பதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் பெரிய 'ற'வுக்குப் பதில் சின்ன 'ர' போட்டபோது திரையில் விரல் வைத்துத் தட்டினார். திருத்தினாள்.

இப்பவும் அப்படித்தான் நினைக்கறீங்களா? ஆமா. இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றையும் சேர்த்தாள். சில நாள்.

அவர் 'சில நாள்' பொத்தானை அழுத்தினார்.

அவர் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். கடையில் யாரோ வந்து மணியை அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுபடி பயிற்சிக்குக் கூட்டிப்போனார்கள். அந்தப் பக்கத்தை டாக்டரிடமும் காட்டினாள். டாக்டர் நிதானமாகப் பார்த்துவிட்டு, இதை முன்னாடியே கேட்டிருக்கணும், நாங்களும் கேட்கலை என்றார். ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். தினமும் கேளுங்கள் என்றார். தம்பி ஆஸ்பத்திரித் துணியைப் பாதியாகக் குறைத்தான், முழுக்க விட முடியவில்லை. அதற்கு அண்ணனிடம் சண்டை போட்டான். மகள் நடுவில் உட்கார்ந்து பட்டன் போட்டுக் கொடுக்கக் கொடுக்க, அண்ணனும் விடாமல் சண்டை போட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தினமும் காலையில், இஸ்திரிப் பெட்டி சூடாவதற்குள், அவள் அவர் மடியில் ஒரு பக்கத்தை வைப்பாள். மகளுக்குத் தெரியாத பக்கம். 'இன்னிக்கு அப்படித் தோணுதா?' பெரும்பாலான நாள் 'இல்லை' வந்தது. 'ஆமா' வந்த நாள்களில் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். துணி காத்துக்கிடக்கும். உட்கார்ந்திருப்பாள்.

மழை விட்டு, வெயிலும் வராத ஒரு மந்தமான காலை. முந்தின நாள் பெரிய மெஷின் பழுதாகிவிட்டது. விரிப்புகளைக் கையால் அலசி அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வழக்கம்போலப் பக்கத்தை வைத்தாள். அவர் 'இல்லை'யை அழுத்தினார். அவள் எடுக்கக் கை நீட்டியபோது விடவில்லை. இடது கையால் டேப்லெட்டை மெல்ல, அரை வட்டமாகத் திருப்பினார். எழுத்துகள் அவள் பக்கம் பார்க்கும்படி வைத்துவிட்டு, அவளைப் பார்த்தார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளில் டாக்டர், தம்பி, அக்கா, மகள், தெருவில் ஒருத்தர்கூட இதை அவளைக் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. இரண்டு பொத்தான்களும் அவள் அடித்தவைதான். இதற்கு முன் எங்கும் பார்த்திராததுபோல அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வழக்கமான 'இல்லை'க்கு விரல் போனது. பாதி வழியில் நின்றது.

'ஆமா'வை அழுத்தினாள்.

அவர் திரையைப் பார்த்தார். டேப்லெட்டைப் பக்கத்தில் எடுத்துவைத்தார். நல்ல கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, நல்ல காலால் மெத்தையை உந்தி, முனகிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப் பக்கம் நகர ஆரம்பித்தார். உதவிக்கு வந்த அவள் கையைத் தட்டிவிட்டார். முதுகு சுவரில் படும்வரை நகர்ந்து, மூச்சு வாங்க, காலியான இடத்தை உள்ளங்கையால் தட்டிக் காட்டினார்.

அவள் படுத்தாள். கடையிலிருந்து தம்பி, "அண்ணி, முதல் மூட்டை ரெடி! அண்ணி!" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். அவள் எழுந்திருக்கவில்லை.